மாதம் 450 ரூபாய்க்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும்: 29 மாதக் கணக்கு

மன்னார்குடியில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டுக்கு 2023 ஜூன் மாதம் ஓர் இன்வெர்ட்டர் திட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். முன்பணம் 4,000 ரூபாய். அதன்பின் மாதம் 450 ரூபாய் வீதம் 60 மாதங்கள். 900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள, அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டிய டியூபுலர் வகை ஈய அமில பேட்டரி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பேட்டரித் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தல், பழுதானால் சரிசெய்து தரும்வரை மாற்று பேட்டரி ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 61-ஆம் மாதம் 500 ரூபாய் கட்டினால் எல்லாம் நமக்குச் சொந்தம். 'ஒரு நாளைக்கு 15 ரூபாய்தான்' என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு. இப்போது 29 தவணைகள் கட்டி முடிந்திருக்கின்றன. அந்த 15 ரூபாய் உண்மையில் எவ்வளவு, அதற்கு என்ன கிடைத்தது என்பதைப் பெற்றோருக்காக இதுபோன்ற திட்டத்தை யோசிப்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதி வைக்க விரும்புகிறேன். வட்டாரக் கடை ஒன்றின் திட்டம் இது; கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் திட்டம் தரும் எந்தக் கடைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்வெர்ட்டர் எங்களுக்குப் புதிதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பிவரப் பல வாரங்கள் ஆயின. எங்கள் தெருவில் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 2012-இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில்கூட வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த அப்பா, 2019 ஜனவரியில் முதல் இன்வெர்ட்டரை வாங்கச் சம்மதித்தார். அந்த பேட்டரி நான்கு ஆண்டுகள் நான்கு மாதங்கள் உழைத்து, 2023 மே மாதக் கத்திரி வெயிலில் ஓய்ந்தது. மாடிப்படிக்கு அடியில், காற்றுப் போக வழியில்லாத மூலையில் அதை வைத்திருந்தோம். 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழகியவர்கள் அனைவரும் அறிந்த விதி. மன்னார்குடியின் கோடைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் மிக மோசமான இடம் என்பது அது இறந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த முறை பின்கட்டுத் தாழ்வாரத்தில், வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கச் சொன்னேன். மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தேங்காமல் கலைவதற்கும் அதுதான் சரியான இடம்.

முதலில் தவணையை ரொக்கத்தோடு ஒப்பிடுகிறேன். அதே கடையில் அதே நாளில் நான் வாங்கிய விலைப்பட்டியலின்படி, ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்வெர்ட்டர் 6,500 ரூபாய், பேட்டரி 16,500 ரூபாய், பழைய பேட்டரிக்குக் கழிவு 3,500 ரூபாய், ஆக நிகரம் 19,500 ரூபாய். திட்டத்தில், கடைசியில் கட்டும் 500 ரூபாயைச் சேர்க்காமல், மொத்தம் கட்டுவது 31,000 ரூபாய். பழைய பேட்டரியும் 'திட்டத்தில் சேர்கிறது' என்ற பெயரில் அவர்களிடமே போய்விடுகிறது. 11,500 ரூபாய் அதிகம் என்று மட்டும் பார்த்தால் ஐந்தாண்டுக்கு அது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் முன்பணம் போக நமக்குக் கிடைத்த கடன் 15,500 ரூபாய்தான். அதற்கு மாதம் 450 வீதம் 60 மாதங்கள் கட்டுகிறோம். வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சதவீதம் வருகிறது. கடைக்காரர் தரும் பராமரிப்புச் சேவையை ஆண்டுக்கு 1,000 ரூபாய் மதிப்புள்ளதாக எடுத்துக்கொண்டு கழித்தால் வட்டி 15 சதவீத அளவுக்கு இறங்குகிறது. ஆகவே திட்டம் நியாயமானதா என்ற கேள்விக்கு விடை, சேவை ஒழுங்காக நடக்கிறதா என்பதில் அடங்கியிருக்கிறது. ஆள் ஒழுங்காக வந்தால் தனிநபர் கடன் வாங்கியதற்குச் சமம். வராவிட்டால் அது கந்துவட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

அடுத்தது, இந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேர வெளிச்சம் கிடைக்கிறது என்பது. அம்மா மின்தடை நேரங்களை மாதக் காலண்டரில் குறித்துவைக்கும் பழக்கமுடையவர். பால் கணக்குக்கு அடுத்த வரியில் 'கரண்ட் 9–4' என்று இருக்கும். 2023 ஜூன் முதல் 2024 மே வரையிலான பன்னிரண்டு மாதங்களில், முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு மின்நிறுத்தம் 9 நாட்கள், மொத்தம் 61 மணி நேரம். மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்தது, மின்மாற்றிப் பழுது, இரவில் அரை மணி நேரம் போய் வந்தது என்று மற்றவை எல்லாம் சேர்ந்து 43 மணி நேரம். ஆக ஆண்டுக்கு 104 மணி நேரம். அந்த நேரங்களில் வீட்டில் ஓடுவது மூன்று மின்விசிறிகளில் இரண்டு, சில எல்.இ.டி. விளக்குகள், சில சமயம் தொலைக்காட்சி. சராசரியாக 190 வாட். அப்படியானால் ஓராண்டு முழுவதும் பேட்டரியிலிருந்து வீடு பெற்றுக்கொண்ட மின்சாரம் 20 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த எண்ணைப் போட்டுப் பார்த்த அன்று நான் மறுபடியும் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தேன். இருபது யூனிட்! இரண்டு மாத மின்கட்டணத்தில் 100 யூனிட் இலவசமாகத் தரும் மாநிலத்தில், அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்துக்காக ஆண்டு முழுவதும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட என்னை யோசிக்கவைத்தது, எந்தக் கடையிலும் யாரும் பேசாத ஒரு செலவு. மின்சாரம் இருக்கும்போதும் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதில்லை. தன் சுற்றுகளை விழிப்போடு வைத்திருக்கவும், நிறைந்த பேட்டரி தானாகக் குறைவதை ஈடுகட்டச் சிறு மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தவும் அது மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. சுவர் பிளக்கில் செருகி அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றைக் கொண்டுபோய், வீட்டுச் சுமையை விலக்கிவிட்டு இரண்டு நாட்கள் அளந்தேன். பேட்டரி முழுவதும் நிறைந்த நிலையில் 18 வாட் காட்டியது. 18 வாட் என்பது இரண்டு எல்.இ.டி. பல்புகளுக்குச் சமம், ஆனால் இவை ஒருநாளும் அணைக்கப்படாத பல்புகள். ஆண்டுக்கு 158 யூனிட் ஆகிறது. நமக்குத் திருப்பித் தருவது 20 யூனிட். தான் விழித்திருப்பதற்கு எடுத்துக்கொள்வது அதைப் போல் எட்டு மடங்கு. பெற்றோர் வீட்டின் பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் அளவில் இருந்ததால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் 401 முதல் 500 வரையிலான கட்டணப் படியில் விழுகின்றன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி அந்தப் படிக்கு யூனிட் 6.45 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,020 ரூபாய். ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் கடுமையானது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்து கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது.

ஐந்தாண்டில் 5,100 ரூபாய், அதாவது பேட்டரி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இப்படி யாருக்கும் தெரியாமல் மீட்டர் வழியாகப் போகிறது. ஆகவே உண்மையான ஆண்டுச் செலவு 6,200 ரூபாய் தவணையும் 1,020 ரூபாய் மின்கட்டணமும் சேர்ந்து 7,220 ரூபாய். ஒரு நாளைக்கு 20 ரூபாய். ஒரு மணி நேர மின்தடைக்கு 69 ரூபாய். ரொக்கமாக வாங்கித் தண்ணீரும் நாமே ஊற்றினால் ஆண்டுச் செலவு 5,070 ரூபாய் அளவில் நின்று, மணிக்கு 49 ரூபாயாக இருந்திருக்கும். யூனிட் கணக்கில் சொன்னால் திட்டத்தில் யூனிட்டுக்கு 361 ரூபாய், ரொக்கத்தில் 253 ரூபாய். ஆனால் இருட்டில் பின்கட்டுக்கு நடக்கும் 78 வயது மனிதருக்கு எரியும் விளக்கை யூனிட்டில் மதிப்பிடுவது சரியான அளவுகோல் ஆகாது. மணி நேரம்தான் சரியான அளவு. அந்த மணி நேரத்துக்கு 69 ரூபாய் கொடுக்க நான் தயங்கமாட்டேன். கொடுத்தபிறகு விளக்கு எரிந்தாக வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 150 ஏ.எச். என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 150-ஐ 12 வோல்ட்டால் பெருக்கி 1,800 வாட் மணி என்று கணக்குப் போட்டு, 190 வாட்டுக்கு ஒன்பதரை மணி நேரம் வரும் என்று கடையில் சொல்வார்கள். அந்த 150, பேட்டரியை இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்லக் காலிசெய்தால் கிடைக்கும் அளவு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம். வேகமாக எடுத்தால் ஈய அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலும் ஏறத்தாழ 15 சதவீதம் இழப்பு. இரண்டையும் சேர்த்தால் புது பேட்டரிக்கே ஆறரை மணி நேரத்தை ஒட்டித்தான் கிடைக்கும். முதல் ஆண்டில் காலை 9 மணிக்கு நின்ற மின்சாரம் மாலை 4 மணிக்கு வரும் நாட்களில், மூன்றரை மணியளவில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது என்று அம்மா சொன்னது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. இவ்வளவு ஆழமாகக் காலியாகும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் ஆயுள் குறைகிறது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேவைக்கு வருகிறேன். 29 மாதங்களில் ஒன்பது முறை வந்திருக்க வேண்டிய ஆள் நான்கு முறை வந்தார். வந்த நான்கு முறையும் வேலை மிக ஒழுங்காக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு அறைகளின் மூடிகளையும் திறந்து, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை ஒவ்வொன்றாக அளந்து அட்டையில் எழுதி, முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீரால் கழுவித் துடைத்து, ஜெல்லி தடவிவிட்டுப் போன அந்த இளைஞரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு. மூன்று வட்டத்துக்கு அவர் ஒருவரையே அனுப்புகிறார்கள் என்று அவரிடம் பேசியபோது தெரிந்தது. அவர் வராத ஐந்து முறையும் அம்மாவே, பேட்டரியில் தண்ணீரின் அளவைக் காட்டும் மிதவையின் சிவப்புக் கோடு கீழே இறங்குவதைக் கவனித்து, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தண்ணீருக்கும் கூலிக்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் 150 ரூபாய் கொடுத்திருக்கிறார். நாம் வட்டியில் கழித்துக்கொண்ட 1,000 ரூபாய் மதிப்பில் பாதிக்கும் குறைவாகத்தான் நமக்குக் கிடைத்தது.

உண்மையான சோதனை 19-ஆம் மாதத்தில், 2024 டிசம்பரில் வந்தது. ஆறு மணி நேரம் தாங்கிய பேட்டரி திடீரென்று இரண்டரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. புகார் கொடுத்து ஆறாம் நாள் ஆள் வந்து அளந்தபோது, அமிலத்தின் அடர்த்தியை ஐந்து அறைகள் 1.230 என்று காட்ட, ஓர் அறை மட்டும் 1.150-இல் நின்றது. ஓர் அறை தளர்ந்தால் மொத்த பேட்டரியும் அந்த அறையின் அளவுக்கே வேலைசெய்யும். கடைக்கு எடுத்துச்சென்று முழுவதும் மின்னேற்றிக் காலிசெய்து பார்த்துத்தான் உற்பத்தியாளரிடம் மாற்று வாங்க முடியும் என்றார்கள். அது நியாயமான நடைமுறைதான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த மாற்று பேட்டரி வரவில்லை. 'எல்லா ஸ்பேரும் வெளியே போயிருக்கு' என்ற பதிலே மூன்று முறை கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த அந்த நாட்களில், புகார் கொடுத்தது முதல் புது பேட்டரி வந்தது வரை 20 நாட்கள் வீடு உருப்படியான பேட்டரி இல்லாமல் இருந்தது. அப்பா டார்ச் விளக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். ஒரு திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவது இத்தகைய இருபது நாட்களுக்காகவே. மற்ற நாட்களில் எந்தப் பெட்டியை வாங்கி வைத்தாலும் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் திட்டத்தின் சேவைக்கு என்னால் நல்ல மதிப்பெண் தர இயலவில்லை. வந்த பேட்டரி புதியது, அதே தரம் என்பதையும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பேட்டரி 19 மாதத்தில் ஏன் தளர்ந்தது என்பதற்குப் பின்னால் ஒரு சிறு சுவிட்ச் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் இரண்டு நிலைகள் உண்டு. யு.பி.எஸ். நிலையில், மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே அது மின்தடை ஏற்பட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். கணினியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. நார்மல் நிலையில் 100 வோல்ட் அளவுவரை பொறுத்துக்கொள்ளும். எங்கள் பகுதியில் கோடை மாலைகளில் பம்புசெட்டும் ஏ.சி.யும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் 170-க்கு இறங்குவது வழக்கம். 'கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் ஓடுதுப்பா' என்று அம்மா இரண்டு கோடைகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பொருத்திய நாள் முதல் அது யு.பி.எஸ். நிலையிலேயே இருந்திருக்கிறது. யாரும் கணக்கில் எழுதாத மின்தடைகளில் பேட்டரி மாலைதோறும் காலியாகி, இரவில் நிறைந்துகொண்டிருந்தது. சுவிட்சை நகர்த்திவைத்தவர் அந்தப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன்தான். லோ வோல்டேஜ் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் இன்றே எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியது இது. இன்வெர்ட்டரில் கணினி எதுவும் ஓடவில்லையென்றால் நார்மல் நிலையே போதும்.

உத்தரவாதச் சீட்டில் இருந்த '36+24' என்ற குறிப்பைப் பலரும் 60 மாத உத்தரவாதம் என்று படிக்கிறார்கள். கடைக்காரரும் அப்படியே சொன்னார். முதல் 36 மாதங்களுக்குள் பழுதானால் இலவசமாக மாற்றித்தருவார்கள். அடுத்த 24 மாதங்களில் விலையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள். அந்தத் தள்ளுபடி, பேட்டரியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச விலையில்தான் கணக்கிடப்படுகிறது, கடையில் விற்கும் விலையில் அல்ல. எங்கள் பேட்டரியின் அச்சிட்ட விலை 24,000 ரூபாய். 30 சதவீதத் தள்ளுபடி என்றால் நாம் கட்ட வேண்டியது 16,800 ரூபாய். எந்த உத்தரவாதமும் இல்லாத ஒருவர் அதே பேட்டரியை வெளியில் 16,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போகிறார். ஆகவே பின் 24 மாதங்களுக்கு நான் மதிப்பு எதுவும் தருவதில்லை. மாற்றித்தந்த பேட்டரிக்குப் புது உத்தரவாதம் தொடங்குவதும் இல்லை. முதல் பேட்டரி வாங்கிய தேதியே தொடர்கிறது. அதாவது 2024 டிசம்பரில் வந்த எங்கள் பேட்டரிக்கு இலவச மாற்று 2026 மே மாதத்தோடு முடிகிறது.

இந்த 29 மாதங்களில் நான் செலவழித்த பணத்தில் மிக நல்ல பயன் தந்தது, திட்டத்தில் இல்லாத ஒன்று. பேட்டரி இல்லாத அந்த இருபது நாட்களின்போது, மூன்று பழைய மின்விசிறிகளையும் எடுத்துவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிகளை மாட்டினேன், ஒன்று 3,000 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். பழையவை ஒவ்வொன்றும் 75 வாட். புதியவை முழு வேகத்திலும் 30 வாட். மின்தடை நேரச் சுமை 190 வாட்டிலிருந்து 95-க்கு இறங்கியது. சுமை பாதியானால் நேரம் இரு மடங்காகும் என்று எதிர்பார்ப்போம். மெதுவாக எடுக்கும்போது ஈய பேட்டரி தன் கொள்ளளவைக் கூடுதலாகத் தருவதால் அதற்கும் மேலேயே கிடைக்கிறது. இப்போது ஏழு மணி நேரப் பராமரிப்பு நாள் முடியும்போது பேட்டரி பாதிக்கும் கீழே இறங்குவதில்லை. மேலும் இந்த மின்விசிறிகள் மின்தடை இல்லாத 8,600 மணி நேரமும் வேலைசெய்கின்றன. இரண்டு மாதப் பயன்பாடு 450 யூனிட்டிலிருந்து 380 யூனிட்டை ஒட்டி வந்துவிட்டது. கட்டணத்தில் 400 ரூபாய் அளவு மிச்சம். நான்கு ஆண்டுக்குள் போட்ட 9,000 ரூபாய் திரும்பிவிடும். இன்வெர்ட்டர் வாங்கப் போகும் எவரும் முதலில் மின்விசிறியை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு பேட்டரியின் அளவை முடிவுசெய்யட்டும். என் பெற்றோர் வீட்டுக்கு 100 ஏ.எச். பேட்டரியே போதுமாக இருந்திருக்கும். நான் வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

லித்தியம் பேட்டரி ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2023-இல் 1.28 கிலோவாட் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்த பெட்டிக்கு எனக்குச் சொன்ன விலை 42,000 ரூபாய். 3,000 சுழற்சி, அதாவது 3,000 முறை காலியாகி நிறைவதை, தாங்கும் என்பது அதன் விளம்பரம். என் பெற்றோர் வீட்டில் ஆண்டுக்கு 40 சுழற்சிகூட நடப்பதில்லை. அந்தக் கணக்கில் 3,000 சுழற்சி முடிய 75 ஆண்டுகள் ஆகும். அதற்கு வெகுகாலம் முன்பே மின்னணுப் பலகையோ பேட்டரியின் இயல்பான மூப்போ அதை முடித்துவிடும். அரிதாக மின்தடை வரும் வீட்டில் சுழற்சி எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பது வீண். ஆனால் திருத்துறைப்பூண்டியில் என் அக்கா வீட்டில் நிலைமை வேறு. அவருடைய பகுதியில் ஒரே நாளில் மூன்று நான்கு முறை மின்சாரம் போய் வருகிறது. டியூபுலர் பேட்டரி முழுவதும் நிறையப் பத்து மணி நேரத்துக்கும் மேல் எடுப்பதால், பாதி நிறைந்த நிலையிலேயே அடுத்த மின்தடை வந்துவிடும். அவர் 2024-இல் லித்தியம் வாங்கினார். மூன்று நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. 55 கிலோ பெட்டிக்குப் பதிலாக ஒருவரே தூக்கி நகர்த்தக்கூடிய பெட்டி. வீட்டுக்குள் அமில வாடை இல்லை. கஜா புயலுக்குப் பின் சில நாட்கள் இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் வந்து போனதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் டியூபுலர் பேட்டரி மிகக் கொஞ்சம்தான் சேமித்திருக்கும். லித்தியம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். அக்கா கொடுத்த விலை அவர் வீட்டுக்குத் தகும்.

விலை பற்றி ஒரு குறிப்பு. நான் வாங்கியபோது ஈய அமில பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், லித்தியத்துக்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 18 சதவீதம்தான். ஆகவே இப்போது விலை கேட்பவர்கள், பழைய விலைப்பட்டியலைக் காட்டும் கடையில் இதை நினைவூட்டிப் பேரம் பேசலாம். சூரியத் தகடு போட்டால் இன்வெர்ட்டரே வேண்டாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசு 78,000 ரூபாய்வரை மானியம் தரும் திட்டத்தில் பெரும்பாலோர் அமைப்பது மின்வாரியக் கம்பியோடு இணைந்த வகை. கம்பியில் வேலைசெய்யும் ஊழியருக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதற்காக, மின்சாரம் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் வெயில் கொளுத்தினாலும், பேட்டரி இல்லாவிட்டால் கீழே விசிறி ஓடாது.

இந்தத் திட்டத்தை யாருக்குச் சொல்வேன் என்றால், 19,500 ரூபாயை ஒரே முறையில் புரட்ட முடிகிறவர்களுக்கும், மிதவையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லமாட்டேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதுபோன்ற திட்டம் பொருந்தும். ஆனால் கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைத் தாளிலேயே எழுதி வாங்க வேண்டும். புகார் கொடுத்து எத்தனை நாளுக்குள் ஆள் வருவார் என்பது ஒன்று. மாற்று பேட்டரி தராத ஒவ்வொரு நாளுக்கும் தவணையில் எவ்வளவு கழிக்கப்படும் என்பது இன்னொன்று. பராமரிப்புக்கு வந்த தேதிகளை வீட்டில் இருக்கும் அட்டையில் இரு தரப்பும் கையெழுத்திட்டுக் குறிப்பது மூன்றாவது. எங்கள் ஒப்பந்தத்தில் இவை எதுவும் இல்லை. இடையில் விலகினால் மீதித் தவணைகளில் 70 சதவீதம் கட்ட வேண்டும் என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது.

31 தவணைகள் மீதமிருக்கின்றன, 13,950 ரூபாய். விலகினால் 9,765 ரூபாய் கட்டிவிட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே தொடர்கிறோம். சென்ற வாரம் கடைக்குப் போய், வராத ஐந்து பராமரிப்பு முறைகளையும் பேட்டரி இல்லாத 20 நாட்களையும் அம்மாவின் காலண்டரிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் மறுக்காமல் வாங்கிப் படித்து, ஒரு மாதத் தவணையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வாங்கிக்கொண்டேன். 61-ஆம் மாதம் கழிவாகும் பேட்டரியின் ஈய மதிப்பு யாருக்கு என்பதையும் அதற்குக் கீழேயே எழுதச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, 'வீட்டுக்காரருக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.